நீந்திப் போகலாம், சவாரி போகக் கூடாது

மீனுக்குக் காய்ச்சல் வந்தால் மீன் பேசாமல் கிடக்கும். அரசாங்கத்துக்குத்தான் வியர்த்துக் கொட்டும். இது உலக வழக்கம்.

அந்த வருசம் அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பக்கமெல்லாம் மீன்களுக்கு ஒரு ரத்தக்கசிவு நோய் பரவுகிறதென்று பேச்சு வந்தது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியுமாம். கண் பிதுங்குமாம். அப்புறம் வயிற்றை வானத்துக்குக் காட்டி மிதக்குமாம். ஆனால் மனுசனை ஒன்றும் செய்யாதாம். இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கே ஆஸ்ட்பி ஊர்க்காரர்கள் நிம்மதியாக ஆளுக்கொரு பிராந்தியை ஊற்றிக்கொண்டார்கள். நோய் மனுசனை ஒன்றும் செய்யாது, வாஸ்தவம். நோய்க்குப் போடுகிற சட்டம் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. சீக்குப் பிடித்த மீனை வாளியில் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாக அலைந்தால் சீக்கும் கூடவே அலையும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற நியாயம். அந்த நியாயத்தைக் கொண்டுபோய் ஒரு ஆபீசில் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

ஆஸ்ட்பியில் விர்ஜில் என்று ஒருவர். காலமெல்லாம் பால் லாரி ஓட்டிவிட்டு ஓய்ந்தவர். லாரியை விட்டதும் அவர் உடம்பில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: மச்சான் டெல்மரைத் தோற்கடிக்க வேண்டும். டெல்மர், விர்ஜிலின் சம்சாரம் ஆர்லிஸுக்கு உடன்பிறந்த அண்ணன். பிப்ரவரி மாதம் ஹில்டா ஏரி உறைந்து கல்லாய்க் கிடக்கும்போது அதன் மேலே ஊரே கூடி மீன்பிடிப் போட்டி நடத்தும். இந்த இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் ஜெயித்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், பிராந்தி இரண்டு சுற்று உள்ளே போனபிறகு, டெல்மர் மேசையைத் தட்டினார்.

"மாப்ளே, இந்தத் தடவை வெறும் வாய்ப்பேச்சு இல்ல. ஈஸ்டருக்குள்ள ஜெயிக்காதவன் ஊதாச் சட்டை போட்டுக்கிட்டு சர்ச்சுக்கு வரணும். சம்மதமா?"

விர்ஜில் சம்மதித்தார். சம்மதித்தது பிராந்திதான், ஆனால் வாய் விர்ஜிலுடையது.

ஊதா என்றால் சும்மா இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்துப் பந்தாட்ட அணியின் நிறம் அது. ஆஸ்ட்பியில் ஒருவன் சர்ச்சை மாற்றலாம், சம்சாரத்தைக்கூட மாற்றலாம். சொந்த அணியின் பச்சைச் சட்டையை மாற்ற முடியாது. விர்ஜிலின் அப்பாவைப் புதைத்ததே பச்சைச் சட்டையில்தான். அன்றைக்கு ராத்திரி ஆர்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க தோத்தாலும் எங்க அண்ணன் தோத்தாலும் மானம் போறது எனக்குத்தான். நல்லா பந்தயம் கட்டினீங்க ரெண்டு பேரும்."

போட்டிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது விர்ஜில் இரை வாங்க பெவ் கடைக்குப் போனார். ஹில்டா ஏரியின் நடுவே பால் லாரி போவதற்காக எந்தக் காலத்திலோ ஒரு மண் ரோடு போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு பெரிய குழாய். அந்த ரோட்டு முனையில்தான் பெவ்வின் இரைக் கடை. பெவ் சத்தமான மனுஷி. போட்டியில் மீனை நிறுக்கிறவளும் அவள்தான்.

இந்த ஏரிக்கு ராஜா என்றால் கண்ணாடிக்கண்ணன். இருட்டில் கண் பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னுவதால் மீனுக்கு அந்தப் பேர். ஆனால் ராஜாவுக்கு வாய் ரொம்ப உசத்தி. செத்த இரையை ஏறெடுத்தும் பார்க்காது. உயிரோடு துள்ளுகிற பொடிமீனைத் தூண்டிலில் கோத்துவிட்டால்தான் வாயைத் திறக்கும்.

"பெவ், ஒரு டஜன் வெள்ளிப்பொடி போடு. நல்லா துள்றதாப் பாத்துப் போடு" என்று வாளியை நீட்டினார் விர்ஜில்.

"எந்த ஏரிக்கு அண்ணே?"

"இதென்ன கேள்வி? ஹில்டாவுக்குத்தான்."

"சின்ன ஹில்டாவா, பெரிய ஹில்டாவா?"

விர்ஜில் குனிந்து பெவ்வின் வாயருகே மோந்து பார்த்தார். காப்பி வாடைதான் வந்தது.

"இருக்கிறது ஒரு ஏரி. அதுல சின்னது எது, பெரிசு எது?"

"நேத்து வரைக்கும் ஒண்ணுதான். ஆபீஸ் வரைபடத்துல ரோட்டுக்கு இந்தப் பக்கம் சின்ன ஹில்டா, அந்தப் பக்கம் பெரிய ஹில்டா. நான் இந்தப் பொடியையெல்லாம் இந்தப் பக்கம் வலை வெச்சுப் புடிச்சேன். அதனால இந்தப் பக்கம் மட்டும்தான் போடலாம். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோனா குத்தம்."

"போட்டியே அந்தப் பக்கம்தானேடி நடக்குது!"

"அதை என்கிட்ட சொல்லி? அதோ, அவர்கிட்ட சொல்லுங்க."

அடுப்போரம் ஒரு இளவட்டம் நின்றுகொண்டிருந்தான். பனிக்கோட்டு புத்தம்புதுசு; விலைச் சீட்டு மட்டும்தான் தொங்கவில்லை. கோட்டுக்குள்ளே கழுத்துப்பட்டை. தலைநகரத்து மீன் ஆரோக்கிய இலாகாவிலிருந்து வந்த ஆய்வாளர் பிரெஸ்டன். நல்ல பிள்ளை. ரொம்ப நல்ல பிள்ளை, அதுதான் ஆபத்து.

"சார், வணக்கம். பொதுமக்களோட ஒத்துழைப்பைக் கேட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான்.

"தம்பி, ரோட்டுக்கு அடியில குழாய் இருக்கு. பொடிமீன் அது இஷ்டத்துக்கு அந்தப் பக்கம் போவுது, வருது. காலையில இங்க, சாயங்காலம் அங்க. அதை யாரும் கேக்கறதில்லை. நான் கொண்டுபோனா மட்டும் குத்தமா?"

பிரெஸ்டன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே அவன் ஊரிலிருந்து கிளம்பி வந்த மாதிரி இருந்தது.

"நல்ல கேள்வி சார். மீன் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இடம்பெயர்ந்தா அது இயற்கை நடமாட்டம். நீங்க வாளியில வெச்சுக் கொண்டுபோனா அது கடத்தல்."

"ரெண்டும் ஒரே மீனா இருந்தா?"

"மீன் ஒண்ணுதான் சார். நோக்கம் வேற."

பெவ் இடையில் புகுந்தாள். "அண்ணனுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மீன் நீந்திப் போகலாம், சவாரி போகக் கூடாது."

"மிகச் சரியாச் சொன்னீங்க அம்மா" என்றான் பிரெஸ்டன். கேலி என்பது அவன் காதுக்குள் போகாது. வழியிலேயே நின்று அனுமதி கேட்கும்.

"சரி, ஆரோக்கியச் சான்று வாங்கின மீன்னா எங்க வேணா கொண்டுபோலாமே. பெவ், அதுக்கு வழி பண்ணக் கூடாதா?"

பெவ் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டம் போட்டு, முத்திரை குத்தின ஒரு சான்று தொங்கியது. கீழே தொட்டி காலியாக இருந்தது.

"ஒரு தொட்டி மீனை இலாகாவுக்கு அனுப்பினேன் அண்ணே. நோய் இருக்கா இல்லையான்னு அறுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். எல்லாத்தையும் அறுத்துப் பாத்துட்டாங்க. ஒரு மீனுக்குக்கூட ஒரு நோயும் இல்ல. பரிபூரண ஆரோக்கியம். அதனாலதான் இப்ப ஒண்ணுகூட இல்ல."

"மாதிரிக்குக் கொஞ்சம்தான் எடுப்போம் அம்மா. உங்க தொட்டியில மாதிரிக்கு வேண்டிய அளவுதான் இருந்துச்சு. அது எங்க தப்பில்லையே" என்றான் பிரெஸ்டன் பணிவாக.

"அந்தச் சான்றைக் காட்டி வேற மீனைக் கொண்டுபோலாமா?" என்று கேட்டார் விர்ஜில்.

"அது அந்த மீன்களுக்கு மட்டும் சார். செத்தவங்க பாஸ்போர்ட்டுல இன்னொருத்தர் போக முடியுமா?"

"மிச்சம் ஆகற இரையை என்ன பண்றது?"

"உயிரோட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரியில விடக் கூடாது. முழுசாப் பயன்படுத்தி முடிக்கணும்."

"மீன் கடிக்கலேன்னா?"

பிரெஸ்டன் சிறிது யோசித்தான். "அந்த நிலைமைக்கு இன்னும் விதி வரல சார். வந்ததும் தெரியப்படுத்துவோம்."

"அதுவரைக்கும் அண்ணன் பிராந்தியில போட்டு முழுங்கிடுவார்" என்றாள் பெவ். அந்த ஊர்ச் சாராயக் கடையில் அப்படி முழுங்குகிற ஆட்கள் உண்டு. பிரெஸ்டன் பையிலிருந்து பேனாவை எடுத்து, முழுங்குவது பயன்படுத்துவதில் சேருமா என்று குறித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு டெல்மர் வந்தார். டெல்மருக்கு எது புதுசாக வந்தாலும் வாங்கியாக வேண்டும். தண்ணீருக்கடியில் பார்க்கும் காமிரா வைத்திருந்தார். பின்புறத்தைச் சூடாக்கும் நாற்காலி வைத்திருந்தார். இன்றைக்குக் கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் காற்று விடுகிற குட்டி இயந்திரம் குமிழி விட்டது. நடுவிலே பொடிமீன்கள் பட்டத்து இளவரசர்கள் மாதிரி மிதந்தன.

"பாத்துக்க மாப்ளே. நகரத்துக் கடையில வாங்கினது. இப்ப அங்க எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க. எந்தக் குளத்துல பொறந்துச்சு, என்ன தின்னு வளந்துச்சு, எல்லாம் குடுவையிலேயே எழுதியிருக்கு. ஊற்றுத்தண்ணியில வளந்தது. மன உளைச்சல் இல்லாம வளந்தது."

அந்தப் பொடிமீனுக்கு இருந்த வம்சாவளி ஆஸ்ட்பியில் பாதிப் பேருக்குக் கிடையாது.

"மன உளைச்சல் இல்லாம வளத்து, முள்ளுல கோக்கப் போறியா மச்சான்?"

"அதான் நாகரிகம்" என்றார் டெல்மர். "சான்று இருக்கு, பெரிய ஹில்டாவுல போடலாம். உன் வாளி ரோட்டைத் தாண்டாதாமே? விடு, விடு. தங்கச்சிகிட்ட உன் சட்டை அளவு கேட்டு வெச்சுட்டேன். ஊதா உனக்கு எடுப்பா இருக்கும்."

விர்ஜில் சின்ன ஹில்டாவுக்கென்று ரசீது போட்டு ஒரு டஜன் பொடியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட பலகாரத்தைக் கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. ஆர்லிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அது செத்துப்போன உருளைக்கிழங்கு. எத்தனை தடவை குத்துவீங்க?"

விர்ஜில் கதையைச் சொன்னார். ஆர்லிஸ் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

"நீந்திப் போகலாம்னா நீந்தியே போகச் சொல்லுங்களேன். வாளியைத் தூக்கிக்கிட்டு அலையறது நீங்கதானே? அதுக்குத் துடுப்பு இல்லையா என்ன?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விர்ஜில் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக எழுந்து, கொட்டகைக்குப் போய், அங்கிருந்த தூண்டில் நூல்கண்டுகளிலேயே ரொம்ப நீளமானதைத் தேடி எடுத்தார்.

போட்டியன்று பெரிய ஹில்டாவில் திருவிழா. உறைந்த ஏரிமேல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மரக் குடிசைகளில் புகை. பனியில் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு குட்டிக் கொடி மடக்கி வைத்திருந்தார்கள், கீழே மீன் கடித்தால் கொடி நிமிரும், கண்டவன் "கொடி! கொடி!" என்று கத்துவான். கொடி நிமிர்ந்த இடத்துக்கு, பிராந்தி எவ்வளவு உள்ளே போயிருந்தாலும், எல்லாரும் ஓடுவார்கள். டெல்மர் சூடு நாற்காலியில் உட்கார்ந்து, காமிராவில் தன் பொடிமீன் மன உளைச்சல் இல்லாமல் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம், சின்ன ஹில்டாவில், ஒரே ஒரு ஆள். குழாய் வாயை ஒட்டி ஓடும் தண்ணீரில் பனி நிற்காது; அதைத் தாண்டிக் கெட்டியான பனி ஆரம்பிக்கும் இடத்தில் கவிழ்த்த வாளிமேல் விர்ஜில். காலடியில் ஒரு துளை, ஒரு கொடி. பொடிமீனைக் கோத்து விட்டார். குழாய்க்குள் நீரோட்டம் அந்தப் பக்கமாக இழுத்தது.

பிரெஸ்டன் ரோட்டிலிருந்து சறுக்கி இறங்கி வந்தான்.

"ரசீது இருக்கா சார்?"

விர்ஜில் எடுத்துக் காட்டினார். சின்ன ஹில்டா என்று தெளிவாக இருந்தது.

"சார், இன்னிக்கு இந்த ஊர்ல சட்டத்தை முழுசா மதிச்சு உட்கார்ந்திருக்கிற ஒரே மனுசன் நீங்கதான்" என்று நெகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "நூல் போய்ட்டே இருக்கே?" என்றான்.

"மீன் போவுது தம்பி."

"எங்க?"

"அது இஷ்டம். நான் யாரு கேக்க? இயற்கை நடமாட்டம்."

பிரெஸ்டன் நூலைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மனசுக்குள் விதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். வாளி ரோட்டைத் தாண்டவில்லை. ஆள் தாண்டவில்லை. தாண்டினது மீன், அதற்குத் தடையில்லை. "சரிதான்" என்றான், ஆனாலும் ஏதோ பல்லில் மாட்டின மாதிரி நாக்கைச் சுழற்றினான்.

அப்போது கொடி நிமிர்ந்தது.

"கொடி!" என்று கத்தினது பிரெஸ்டன்தான். கத்தினபிறகு அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. விர்ஜில் கையுறையை வீசிவிட்டு நூலைப் பற்றினார். அந்த முனையில் ஒரு கனம், பால் லாரி சேற்றில் மாட்டின கனம். இழுத்தார், விட்டார், இழுத்தார். பெரிய ஹில்டாவில் கடித்த மீன் ரோட்டுக்கடியில் புகுந்து, குழாய் முழுதும் முட்டிமோதி, சின்ன ஹில்டா வழியாகத் துளைக்கு மேலே தலையை நீட்டியது. கண் இரண்டும் கண்ணாடியாய் மின்னின. அந்த மாதிரிக் கண்ணாடிக்கண்ணனை அந்த ஏரியில் யாரும் கண்டதில்லை.

பெவ் கடைத் தராசில் வைத்தபோது தராசே ஒருமுறை பெருமூச்சு விட்டது. டெல்மர் பிடித்ததும் நல்ல மீன்தான். ஆனால் இதன் பக்கத்தில் வைத்தால் இதற்கு இரையாகப் போட வந்தது மாதிரி இருந்தது.

"செல்லாது!" என்று டெல்மர் தொப்பியைக் கழற்றி அடித்தார். "போட்டி பெரிய ஹில்டாவுல. இவன் புடிச்சது சின்ன ஹில்டாவுல. ஊரே பாத்துச்சு!"

"தூக்கினது இங்க மச்சான். கடிச்சது அங்க! ஏரி ராஜா உன் காமிராவுக்கு முன்னாடிதான் கடிச்சிருப்பான். நீதான் உன் பொடிக்கு மன உளைச்சல் இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்திருப்ப!"

கூட்டம் கைதட்டியது. பிரெஸ்டன் முகம் மட்டும் வெளுத்தது. பல்லில் மாட்டியிருந்தது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். கடிச்சது பெரிய ஹில்டாவுலன்னு ஒத்துக்கறீங்களா?"

"சர்ச்சு மணி அடிச்சுச் சொல்றேன்!"

"அப்ப சின்ன ஹில்டா இரையைப் பெரிய ஹில்டாவுல பயன்படுத்தியிருக்கீங்க. அது குற்றம்."

விர்ஜில் தராசு மேலிருந்த மீனின் முதுகைத் தடவினார்.

"சரி, இங்கதான் புடிச்சேன்னு வெச்சுக்க."

"அப்ப நீங்க குற்றம் பண்ணல. ஆனா ஜெயிக்கல."

"ஜெயிச்சா திருடன், யோக்கியன்னா தோத்தவன். இதான உன் சட்டம்?"

"சட்டம் அப்படிச் சொல்லல சார். அப்படி ஆகுது."

"அண்ணே, பொடி தானா நீந்தித்தானே போச்சு?" என்று பெவ் எடுத்துக் கொடுத்தாள்.

"முள்ளைக் குத்திக்கிட்டுப் போறது சொந்த விருப்பமா?" என்றார் டெல்மர். திடீரென்று அவருக்குப் பொடிமீன்களின் சுதந்திரத்தில் பெரும் அக்கறை வந்துவிட்டது.

பிரெஸ்டன் நாற்காலியில் சாய்ந்து தலைநகரத்துக்கு எழுதினான். இதனால் மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுவது என்னவென்றால், முள் குத்தப்பட்ட நிலையில் நீந்தும் மீன் சுயேச்சையாக நீந்துவதாகக் கொள்ளலாமா. குழாய் வழியாக இழுக்கப்பட்ட மீன் வந்ததா, கொண்டுவரப்பட்டதா. மற்றும் பெரிய மீனின் வயிற்றுக்குள் இருக்கும் பொடிமீன் எந்த நீர்நிலையில் இருப்பதாகக் கருதப்பட வேண்டும், அல்லது மேற்படி வயிறே தனியொரு நீர்நிலையா. பதில் வரும்வரை மேற்படி மீன் பெவ் கடை உறைபெட்டியில் முத்திரை வைக்கப்பட்டது. ஐஸ்கிரீம் வாங்க வருகிறவர்களெல்லாம் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

பதில் வரவில்லை. பனி உருகத் தொடங்கியது. தவக்காலம் வந்தது, பாதிரியார் நெல்ஸ் தவக்கால வழக்கப்படி ஊதா அங்கி போட்டார், வெள்ளிக்கிழமை தோறும் சர்ச்சில் மீன் பொரித்தார்கள். பதில் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் ஆர்லிஸ் இரண்டு பொட்டலங்களை மேசைமேல் வைத்தாள். விர்ஜிலையும், தன் அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பந்தயம் என்ன? ஈஸ்டருக்குள்ள ஜெயிக்காதவன் போடணும். நான்தான் சாட்சி. நீங்க ஜெயிச்சீங்களா?"

"தீர்ப்பு வரல" என்றார் விர்ஜில்.

"அண்ணா, நீ ஜெயிச்சியா?"

"அதான் தீர்ப்பு வரலியே."

"அப்ப ரெண்டு பேரும் ஜெயிக்கல. ரெண்டு பேரும் போடுங்க. என் வீட்டு மானம் எப்படியும் போறதுதான், ஜோடியாவே போகட்டும்."

ஈஸ்டர் ஞாயிறன்று சர்ச்சில் லில்லிப் பூவுக்கு நடுவே இரண்டு ஊதாச் சட்டைகள் நடந்துவந்தபோது ஆர்கன் வாசித்த அம்மாள் இரண்டு கட்டையை ஒன்றாக அழுத்திவிட்டாள். பெவ் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாதிரியார் நெல்ஸ், "தவக்காலம் நேத்தோட முடிஞ்சுதுன்னு சில பேருக்கு யாராவது சொன்னா நல்லது" என்றார். உயிர்த்தெழுதலை விட்டுவிட்டு ஊரே சிரித்தது. விர்ஜிலின் காது நுனி சிவந்து பற்றி எரிந்தது. அப்பா எந்தப் பக்கம் புரண்டு படுத்திருப்பாரோ என்று கல்லறைப் பக்கம் பார்க்கவே துணியவில்லை.

வழிபாடு முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில், பண்டிகைக்கு வேறு போக்கிடம் இல்லாத பிரெஸ்டன் எதிரே வந்து நின்றான்.

"சார், ஈஸ்டர் வாழ்த்து. அதென்ன ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஊதா?"

விர்ஜில் வாயைத் திறந்தார். தலைநகரத்துப் பையனிடம் பந்தயத்தில் மாட்டின கதையைச் சொல்வதா? இந்த முழங்கால் உயரத்துக் கோட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை தலை குனிவதா? நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"இதுவா தம்பி? இது இரைக்கு."

"இரைக்கா?"

"உயிர் இரையை ஒழுங்கா, சட்டப்படி பயன்படுத்தறவங்க போடறது. தூரத்துலேருந்தே தெரியணும் பாரு. நாங்களா வெச்சுக்கிட்ட கட்டுப்பாடு. இல்ல மச்சான்?"

டெல்மர் சட்டையைப் பார்த்தார், விர்ஜிலைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக மாப்பிள்ளையோடு ஒத்துப்போனார்.

"பின்னே? பொறுப்பு வேணும்ல."

பிரெஸ்டனின் கண் கலங்கிவிட்டது. போகிற ஊரிலெல்லாம் கதவைச் சாத்துவார்கள், நாயை அவிழ்த்துவிடுவார்கள். சட்டம் கேட்டதற்கு மேலேயே கொடுக்கிற ஜனத்தை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான். இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பினான். "பாவம், நல்ல பையன்" என்றார் டெல்மர். அதோடு அவர்கள் அதை மறந்துபோனார்கள். விர்ஜில் வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி நாய்ப் படுக்கையில் வீசினார்.

மே மாதம், மீன்பிடிக் காலம் திறக்கிற வாரத்தில் பதில் வந்தது. ஆபீஸ் வரைபடத்தில் ரோடு என்பது தவறுதலாகக் கரை என்று வரையப்பட்டுவிட்டதாம். ஹில்டா ஏரி ஒன்றே. ஆகவே சின்ன ஹில்டா, பெரிய ஹில்டா என எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லையாம். விர்ஜில் குற்றமும் செய்யவில்லை, ஜெயித்தும்விட்டார். பெவ் தொலைபேசியில் கத்திச் சொன்னபோது விர்ஜில் அடுப்படியில் ஆர்லிஸைப் பிடித்து ஒரு சுற்று ஆடினார். அதற்கப்புறம் காகிதத்தின் அடுத்த பக்கத்தையும் படிக்கட்டுமா என்று பெவ் கேட்டது ஆட்டத்தில் அவர் காதில் விழவில்லை.

காலம் திறந்த அன்று விடியற்காலை, அப்பா காலத்துப் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கழுத்தில் போட்டிப் பதக்கம் என்று விர்ஜில் பெவ் கடைக்கு வந்து இறங்கினார். இறங்கின இடத்திலேயே நின்றார்.

கடை வாசலிலிருந்து ரோட்டு முனைவரைக்கும் வரிசை. ஊரே நின்றது. ஊரே ஊதாவில் நின்றது. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் ஊதா. பாதிரியார் நெல்ஸ் தவக்கால அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வாளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் டெல்மர், ஆனந்தமே உருவாக. தோற்றவர் யார், தோற்காதவர் யார் என்று இனி எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

"ஒரு டஜன் போடு பெவ்" என்றார் விர்ஜில், வரிசையைத் தாண்டி உள்ளே போய் வாளியை நீட்டி.

"சட்டை எங்க அண்ணே?"

"என்ன சட்டை?"

பெவ் சுவரைக் காட்டினாள். செத்த மீன்களின் சான்றுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு காகிதம். ஆஸ்ட்பி பொதுமக்கள் தாமாக முன்வந்து மேற்கொண்ட முன்மாதிரியான கட்டுப்பாட்டைப் பெரிதும் பாராட்டி, இனி மாநிலம் முழுவதும் உயிர் இரை வாங்குவோர், வைத்திருப்போர், பயன்படுத்துவோர் அனைவரும் ஊதா மேற்சட்டை அணிய வேண்டும்.

விர்ஜில் வீட்டுக்குப் போனார். நாய் ஊதாச் சட்டை மேல்தான் படுத்திருந்தது; உறுமியது; அதற்கும் பழகிவிட்டது. ஒரு முனையை அது பிடிக்க, ஒரு முனையை இவர் பிடிக்க, கடைசியில் அரசாங்கத்தின் பேரைச் சொல்லி வாங்க வேண்டியிருந்தது. சட்டை முழுக்க நாய் மயிரோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

டெல்மருக்கு முன்னால் நின்ற பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

"விர்ஜில், நீ சொல்லு. முப்பாட்டன் காலத்துலேருந்து பச்சை போட்ட ஊரு. இந்த ஊதா யோசனையை அந்த ஆபீசுக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்திருப்பான்?"

வரிசை மொத்தமும் திரும்பியது. டெல்மர் வாளிக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார்.

"யார் சொல்லணும் பாதிரியாரே?" என்றார் விர்ஜில், கண்ணில் நெருப்புப் பறக்க. "இந்த மாதிரிக் கூறுகெட்ட யோசனையெல்லாம் ஆபீசரைத் தவிர வேற எவனுக்குய்யா வரும்!"

அன்றைக்கு ஊரே ஒன்றாய்ச் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தது. திட்டினவர்களில் விர்ஜில் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.